இருபத்துமூன்று என்று சொல்லும் கல்

என் தம்பி தேவசகாயத்தையும் அவன் கூட்டாளி முனுசாமியையும், காவல் இடத்தை விட்டு ஓடிப்போனவர்கள் என்று தீர்ப்புச் சொல்லி, மெசபொத்தேமியாவில் சர்க்கார் சுட்டுக் கொன்றது. அவர்கள் ஓடவில்லை. வெளியே குண்டடிபட்டுக் கிடந்த ஒருவனைத் தூக்கிவரப் போனார்கள், தூக்கியும் வந்தார்கள். அந்த ஒருவன் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தபோதே விசாரணை முடிந்துவிட்டது. சேரிப் பிள்ளைகளுக்காகப் பேச வேறு ஆளில்லை.

அந்த ஒருவன் காசிம். எங்கள் ஊர்க்காரன். இப்போது ஆம்பூர் ஸ்டேஷனில் ஜட்கா ஓட்டுகிறான்.

யுத்தம் நின்ற நாளான நவம்பர் பதினொன்றில் வருஷந்தோறும் குடியாத்தத்திலிருந்து எங்கள் ஊருக்குப் போகிறேன். அங்கே சாவடிச் சுவரில் சர்க்கார் ஒரு கல் பதித்திருக்கிறது. இந்தக் கிராமத்திலிருந்து 23 பேர் பெரிய யுத்தத்திற்குப் போனார்கள், அவர்களில் 4 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று இருக்கும். போனவர்கள் இருபத்தைந்து பேர். கல்லில் பெயர்கள் கிடையாது. பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் ஜமேதார் ஒருவர் அன்றைக்குப் பெயர்களை உரக்கப் படிப்பார். எங்கள் இரண்டு பேரையும் படிப்பதில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளையும் இப்படி விட்டுப்போயிருந்தால், நான் போகிற விதத்தைச் சொல்கிறேன்; நீங்களும் உங்கள் ஊர்க் கல்லுக்குப் போங்கள்.

காலை ரயிலில் ஏறுங்கள். மூன்றாம் வகுப்பு ஆறணா. வளத்தூர், மேல்பட்டி, பச்சகுப்பம் தாண்டினால் ஆம்பூர். தோல் ஊறும் வாடை ரயில் நிற்பதற்கு முன்பே பெட்டிக்குள் வந்துவிடும். மூக்கைப் பொத்தாதீர்கள், முகம் சுளிக்கிறவரிடம் ஜட்காக்காரர் ஓரணா கூடக் கேட்பார், நியாயம்தான்.

ஊருக்கு நான்கு மைல், எட்டணா. என்னிடம் காசிம் வாங்கமாட்டான். அதற்குப் பதிலாக நான் ஒரு குடியாத்தம் கைலி கொண்டுபோவேன்; அதை அவன் வழியெல்லாம் குறை சொல்வான்.

"இன்னாக்கா, கட்டம் இவ்ளோ பெருசு? விரிச்சா தாயம் ஆடலாம்."

"ஆடு. தோத்தா அவுத்துக் குடு."

தோல் பதனிட ஆவாரம்பட்டை ஏற்றிய மாட்டுவண்டிகள் பாதையை அடைத்துக்கொண்டு போகும். அரைமணி கூடவே வைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்திருந்தால் பாலாற்றோரப் பாதை வேண்டாம்.

சாவடிக்குச் சற்று முன்னால் புளியமரத்தடியில் காசிம் வண்டியை நிறுத்திவிடுவான். இறங்கமாட்டான். சர்க்கார் தீர்ப்பைத் தப்பென்று பேசினால், காயத்துக்காக அவனுக்கு வரும் பென்ஷன் போய்விடும் என்று ஜமேதார் சொல்லிவைத்திருக்கிறார். வீட்டில் ஏழு வாய். ஜட்கா வருமானம் குதிரைக்கே சரியாகப் போகும். நான் ஊரில் எல்லாரையும் நச்சரித்திருக்கிறேன். காசிமை மட்டும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

சேரி ஜனங்கள் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பது வழக்கம். நான் கல்லுக்குப் பக்கத்தில்தான் நிற்பேன். இந்த வருஷமும் மணி பதினொன்றுக்கு ஜமேதார் படித்தார். முடித்ததும், வருஷாவருஷம் கேட்பது போல, இன்னும் இரண்டு பேர் எங்கே என்று கேட்டேன்.

"உக்காரும்மா. அதான் கோர்ட்டே சொல்லிட்ச்சே" என்றார், அதுவும் வருஷாவருஷம் சொல்வதுதான்.

எனக்குப் பின்னால் கழி ஊன்றும் சத்தம் கேட்டது. காசிம் இறங்கி வந்திருந்தான். சட்டையில் மெடல்.

"ஜமேதார் சாப், அவங்க ஓடிட்டாங்கன்னா என்னைத் தூக்கிணு வந்தது யாரு? ஓடினது நெஜம்னா நான் அங்கியே செத்துட்டேன். கல்லுல நாலு போட்டிருக்கு. அஞ்சுன்னு வெட்டுங்க."

"செத்தவனுக்கு பென்ஷன் எதுக்கு, பாய்?"

"எடுத்துக்குங்க. அந்த ரெண்டு பேரையும் படிங்க."

கிராம முன்சீப் தரையைப் பார்த்தார். அந்தப் பக்கம் நின்ற ஜனங்கள் ஒவ்வொருவராக ரோட்டைத் தாண்டி வந்து காசிமுக்குப் பின்னால் நின்றார்கள். ஜமேதார் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, தொண்டைக்குள்ளேயே இரண்டு பெயரையும் சொன்னார்.

"சத்தமா சொல்லுங்க" என்றேன்.

கவாத்து மைதானத்தில் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டார். "முனுசாமி! தேவசகாயம்!" புளியமரத்தடியில் குதிரை மிரண்டது. காசிம் அழுதுகொண்டே அதை உருதுவில் திட்டினான். நான் அழவில்லை. அடுத்த வேலையை யோசித்துக்கொண்டிருந்தேன்.

கல்லில் இன்னும் 23 என்றுதான் இருக்கிறது. ஆகையால்: முன்சீப் அன்று நடந்ததை ஒளிக்காமல் மேலே எழுத வேண்டும். தாசில்தார் காசிமின் பென்ஷனில் கை வைக்கக் கூடாது. வைப்பதானால் முதலில் என்னிடம் பேச வேண்டும். பட்டாளத்து அதிகாரிகள் அந்த வழக்கைத் திரும்ப எடுத்து, காசிமைக் கேட்க வேண்டும். கலெக்டர் ஒரு கல்தச்சரை அனுப்பி 25 என்றும் 6 என்றும் வெட்டச் சொல்ல வேண்டும். ஜமேதார் இனி எல்லா வருஷமும் அதே குரலில் படிக்க வேண்டும். நீங்கள் உங்கள் ஊர்க் கல்லில் இருக்கும் எண்ணைச் சரிபார்க்க வேண்டும். காசிம் இதெல்லாம் முடிகிறவரை சாகக் கூடாது. நேரிலேயே சொல்லிவிட்டேன்.