பெயின்ட்டுக்கு அடியில்

வண்டிகளுக்கு மின்சார வேலை பார்க்கும் அவரை எல்லோரும் மீட்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். இருபத்தாறு வருடத்தில், அளந்து பார்க்காமல் எந்த வண்டியைப் பற்றியும் அவர் வாய் திறந்ததில்லை.

நாலு மாதத்துக்கு முன், மீன் வியாபாரம் செய்யும் முதலாளி ஒருவர் தன் பழைய பிக்கப்புக்கு அடிப்பாகம் வரை புது நீலம் அடித்தார். மறுநாள் சாவியைத் திருப்பினால் ‘டக்’கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மீட்டர் அளந்து பார்த்தார்.

“ஸ்டார்ட்டர் மேல தப்பில்ல முதலாளி. இன்ஜின்லருந்து வண்டிச் சட்டத்துக்கு வர்ற எர்த் கேபிள் உட்கார்ற இடத்துலயும் பெயின்ட் அடிச்சிட்டாங்க, கரண்ட் பாயல. சுரண்டினா போதும்.”

“என் பெயின்ட்டையா சுரண்டச் சொல்றே?” சுமை ஏற்றும் ஆறு பேரும் பார்க்க, கன்னத்தில் பளாரென்று விட்டார் முதலாளி.

அன்றிலிருந்து மீட்டர் கறுவிக்கொண்டிருந்தார். முதலாளி இரண்டு ஸ்டார்ட்டரும் ஒரு பேட்டரியும் மாற்றிவிட்டு, இன்னும் வண்டியைத் தள்ளிக்கொண்டிருக்கிறார் என்று கேள்விப்பட்ட அன்று நிம்மதியாகத் தூங்கினார்.

ஒரு காலை ஏழு பத்துக்கு முதலாளியிடமிருந்து ஆள் வந்தது. வண்டி ஏற்றத்தில் நின்றுவிட்டது, தள்ள வழியில்லை. மேலே நாற்பது பெட்டி மீன். மீட்டர் போனபோது ஐஸ் உருகி அடியில் சொட்டிக்கொண்டிருந்தது; சுமைக்காரர்கள் ஓரமாக நின்றிருந்தார்கள்.

“பழசையெல்லாம் மனசுல வச்சுக்காத தம்பி,” என்றார் முதலாளி.

“சேச்சே. நீங்க அடியில படுங்க.”

“நானா?”

“எனக்கு இடுப்பு வலி.” இடுப்புக்கு ஒரு கேடும் இல்லை.

வெள்ளைச் சட்டையோடு முதலாளி மீன் தண்ணீரில் மல்லாந்தார். வோல்ட்மீட்டரின் ஒரு முனையை இன்ஜினிலும் மறு முனையை வண்டிச் சட்டத்திலும் வைத்துப் பிடித்தார். டிரைவர் சாவியைத் திருப்பினார். ‘டக்.’

“எவ்வளவு காட்டுது? சத்தமா சொல்லுங்க.”

“ஏழு... ஏழு புள்ளி நாலு.”

“அரை வோல்ட்டுக்கு மேல வரக்கூடாது. பாதி பேட்டரிய உங்க பெயின்ட்டே குடிக்குது.” மீட்டர் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, உப்புத்தாளை முதலாளியின் மார்பில் போட்டார். “கேபிளக் கழட்டிட்டுச் சுரண்டுங்க.”

“மொதலாளி, மூக்குலயும் நீலம் ஒட்டிருக்கு, அதையும் சேத்துத் தேச்சிருங்க,” என்றான் சுமைக்காரன் ஒருவன்.

பதினெட்டு நிமிடம். இரும்பு பளபளத்ததும் கேபிளை முடுக்கினார்கள். பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பியதும் முதல் சுற்றிலேயே இன்ஜின் உறுமியது.

தலையெல்லாம் செதிலோடு எழுந்த முதலாளி, “நீ சொன்னதுதாம்ப்பா சரி,” என்று முனகினார்.

“இன்ஜின் சத்தத்துல கேக்கல. அன்னைக்கு வேடிக்கை பாத்தவங்களுக்கும் கேக்கணும்.”

“நீ சொன்னதுதான் சரி! அடிச்சது என் தப்பு!” தொண்டை கிழியக் கத்தினார் முதலாளி.

வீட்டில் மனைவி கேட்டாள்: “இப்பவாச்சும் மனசு ஆறிச்சா?”

மீட்டர் கைகளைத் துடைத்தபடி யோசித்தார்.

“அன்னைக்குப் பாத்த ஆறு பேர்ல ஒருத்தன் டீ குடிக்கப் போயிட்டான். அஞ்சு பேருக்குத்தான் கேட்டுச்சு. நாளைக்கு ஒரு நடை போயிட்டு வரேன்.”