ஈரப்பகை காயவைத்த விதைகள்

அந்த விதைக் கிடங்கில் அவளுக்கு இருந்த பட்டப்பெயர் ஈரப்பகை. வைத்தவர் வாசல் காவலாளி. மழையில் நனைந்த செருப்போடு ஒருநாள் உள்ளே வந்து, அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதற்குப் பழிவாங்கினார். பெயர் ஒட்டிக்கொண்டது. அவளுக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான். நெல்லோ பயறோ, வந்த விதையைச் சலித்து, உலர்த்தும் அறையில் கலகலவென்று காயவைத்து, அலுமினிய உறையில் அடைத்துக் குளிரறைக்குள் அடுக்குவாள். இருபது வருஷம் கழித்து எடுத்தாலும் முளைக்கும். விதைக்கு எமன் ஈரம் ஒன்றுதான் என்பது அவள் வேதம். வீட்டிலும் அதே கதை. உப்பு டப்பா, தீப்பெட்டி, மாத்திரைப் பெட்டி, எதைத் திறந்தாலும் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் கிடக்கும்.

"விட்டா என்னையும் காயவச்சு சீல் பண்ணிடுவா," என்பார் கணவர்.

"உங்களைக் காயவச்சா வாய் மட்டும்தான் மிஞ்சும்," என்பாள்.

தம்பி அவளுக்கு நேர் எதிர். வருஷத்தில் பாதி நாள் சகதியிலும் அட்டைக்கடியிலும் கிடப்பவன். கடலோரச் சதுப்பை ஒட்டிய மழைக்காட்டில் எது எங்கே முளைக்கிறது, எது அழிகிறது என்று பார்ப்பதுதான் அவன் உத்தியோகம். அங்கே ஒரு ஜாதி மரத்தைத் தேடியே அவனுக்குத் தலை நரைத்துவிட்டது. சல்லடை போட்டுத் தேடியும் கிடைத்தது ஒற்றை மரம். அதுவும் பூக்கமாட்டேன் என்று வருஷக்கணக்காக அடம்பிடித்தது. ஒருவழியாக மனசு வைத்துப் பூத்தது, காய்த்தது. குரங்கும் அணிலும் தின்றது போக மிச்ச விதையையெல்லாம் பொறுக்கி, ஈரப் பாசியில் பொதிந்து, பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினான். அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றபோது உடம்பு நெருப்பாகக் கொதித்தது.

"அக்கா, உலகத்துலயே இவ்வளவுதான் இருக்கு. பத்திரமாப் பாத்துக்க."

"பேச்சைப் பாரு. முதல்ல ஆஸ்பத்திரிக்கு நட."

வண்டியிலேயே அவனுக்கு நினைவு தப்பிவிட்டது. காய்ச்சல் மூளையைத் தாக்கியிருக்கிறது, இப்போதைக்கு எதுவும் சொல்வதற்கில்லை என்று டாக்டர் கையை விரித்தார்.

மறுநாள் கிடங்குக்குப் போய்ப் பையைத் திறந்தவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. விதைகள் வாய் பிளந்து வெள்ளை வெள்ளையாக முளை நீட்டியிருந்தன. பையில் கிடக்கும்போதே முளைத்தால் அந்த விதை பாழ். அது அவள் தொழிலில் பாலபாடம். தம்பி பிழைக்காவிட்டால் இதாவது மிஞ்சட்டும் என்று ஒரு நினைப்பு ஓடியது. சட்டென்று வாயில் அடித்துக்கொண்டாள். காட்டு விதை தெரிந்த யாரையாவது கேட்டிருக்கலாம். இத்தனை வருஷம் கைதேர்ந்தவள் எதற்குப் போய்க் கேட்பாள்? பாசியை உதறி எறிந்தாள். தட்டுகளில் பரப்பி, உலர்த்தும் அறைக்குள் வைத்து, தினமும் எட்டிப் பார்த்தாள். முளைகள் சுருங்கிக் கருகின. "நல்லவேளை, அடங்கிடுச்சு," என்று பெருமூச்சு விட்டாள். தம்பியைப் பற்றிய கவலைக்கு நடுவே அவளுக்கு இருந்த ஒரே நிம்மதி அதுதான்.

தம்பி பிழைத்துக்கொண்டான். நடக்கத் தெம்பு வந்ததும், பெண்டாட்டியின் தோளைப் பிடித்துக்கொண்டு கிடங்குக்கே வந்தான். முகத்தில் கண் மட்டும்தான் பாக்கி.

"எங்கக்கா? தொட்டியில வச்சியா? இந்நேரம் இலை விட்டிருக்குமே."

"தொட்டியிலயா? போடா. பையில முளைச்சே போச்சு. சரியான நேரத்துல பாத்தேனோ, தப்பிச்சோம். உடனே காயப் போட்டேன். இனிமே நூறு வருஷத்துக்குக் கவலையில்ல."

உறையைப் பெருமையாக நீட்டினாள். அவன் வாங்கி ஆட்டிப் பார்த்தான். உள்ளே கலகலவென்றது. சுவரோடு சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அது விழுந்தவுடனே முளைக்கிற ஜாதிக்கா. மழைக்காட்டுல பாதி மரம் அப்படித்தான். காஞ்சா செத்துடும்."

அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும், "சரி, விடு. அடுத்த தடவை காய்க்கும்போது நானே வரேன்டா," என்றாள் அவசரமாக.

அவன் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. தம்பி பெண்டாட்டிதான் மெதுவாகச் சொன்னாள். "அந்த மரம் இல்லண்ணி. இவர் ஆஸ்பத்திரியில கிடந்தப்போ ரோடு போடறவங்க வெட்டிட்டாங்க."

தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதைதான் என்று தெரிந்தும் விதைத்தார்கள். கிடங்குக்குப் பின்னால் நிழல்வலை கட்டி, பாசி பரப்பி, தொட்டி தொட்டியாக ஊன்றினார்கள். ஈரத்தைக் கண்டால் எரிந்து விழுந்தவள் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தாள். அலுவலகத்தில் யாரும் கேலி செய்யவில்லை. கடைசியில் பொறுக்கமாட்டாமல் ஒரு விதையைத் தோண்டிக் கீறிப் பார்த்தாள். உள்ளே பழுப்புத் தூள். இன்னொன்றைத் தோண்டினாள். அதற்குப் பிறகு அவள் கை எதையும் தோண்டவில்லை.

"நான்தான் அக்கா ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்," என்றான் தம்பி. பாழாய்ப்போனவன், ஒரு அறை விட்டிருக்கக் கூடாதா? திட்டியிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பாள். அவன் வழக்கம்போல வந்தான், காப்பி குடித்தான், அத்தானோடு பேசினான். காட்டைப் பற்றி மட்டும் வாயே திறப்பதில்லை. அந்தச் சதுப்புப் பக்கம் அவன் போவதை விட்டுவிட்டதாகத் தம்பி பெண்டாட்டி ஒருநாள் போனில் சொன்னாள்.

விதைத்தது போக ஒரு கைப்பிடி உறைக்குள் மிச்சமிருந்தது. அதை வெளியே எடுக்கக் கிடங்கின் இயக்குநர் விடவில்லை. குளிரறையில் கண்ணில் படும் தட்டில் வைக்கச் சொன்னார். வருகிறவர்களை நேரே அங்கேதான் கூட்டிவருவார். "இந்த மரம் இப்ப காட்டுல கிடையாது. ஆனா அழியல. இதோ, நம்மகிட்ட பத்திரமா இருக்கு," என்பார். பக்கத்தில் அவள் தடித்த கோட்டு மாட்டிக்கொண்டு நிற்பாள். செத்த விதைக்குக் குளிர் குறையாமல் பார்த்துக்கொள்வதும் அவள் பொறுப்புத்தான்.

ஒருநாள் வந்த கூட்டத்தில் ஒரு பெண்மணி அவளிடமே கேட்டுவிட்டாள். "இது எவ்வளவு நாளுக்கும்மா உயிரோட இருக்கும்?"

"இதுல உயிர் இல்லம்மா. எப்பவோ செத்துப்போச்சு. நான்தான் காயவச்சுக் கொன்னேன்."

இயக்குநர் சிரித்தார். "அம்மா இப்படித்தான், எப்பவும் தமாஷ்." எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண்மணி மட்டும் சிரிக்கவில்லை. கண் கலங்கி, கையுறை மாட்டிய அவள் கைகள் இரண்டையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"இந்தக் கைக்குக் கோயிலே கட்டலாம்மா," என்றாள்.