இறந்த ஆண்டு இல்லாத கேப்டன்

தூத்துக்குடியில் ஒருவர் முகம் எனாமல் தட்டில் ஏறிவிட்டால் அவர் செத்துப்போனார் என்றுதான் பொருள். கல்லறைகளில் பதிக்கும் அந்தத் தட்டுகளைப் பன்னிரண்டு வருடமாக வரைகிறவள் பிளாரன்ஸ். உப்புக்காற்றில் மங்கிய முகங்களுக்கு மறுபடி கண்ணும் புருவமும் வைப்பாள். உயிரோடிருப்பவரை மட்டும் வரைய மாட்டாள். அப்பாவின் பிறந்தநாளுக்கென்று கேட்டு வந்தவனை, “ஸ்டுடியோவுக்குப் போப்பா” என்று அனுப்பியவள்.

சாயர்புரத்தில் பழம்பொருள் விற்கும் நேசக்குமார் ஒருநாள் நான்கு தட்டுகளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். உள்ளங்கை அளவுச் செம்பில் பழைய எனாமல் வேலை. இருநூறு வருடத்துக்கு முன் கடற்போரில் பேர்வாங்கிய வெள்ளைக்காரக் கேப்டன்கள். நீலக் கோட்டு, தோளில் சரிகை, அடியில் பிறந்த ஆண்டும் இறந்த ஆண்டும். நான்காமவருக்கு முகம் பெயர்ந்து செம்பு தெரிந்தது.

“மொகம் இல்லாம எவன் வாங்குவான்? ஏதாவது ஒண்ண வரஞ்சிவிடு தங்கச்சி.”

“யாரு மொகத்த அண்ணாச்சி?”

“யார வரஞ்சா என்ன? அவரு வந்து கேக்கவா போறாரு.”

மூன்றாம் நாள் புருவம் வைத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டு விஜிலா எட்டிப் பார்த்தாள்.

“ஏளா, ரெக்சன் அண்ணனுக்கு எதுக்கு இந்தக் கோட்டு?”

பிளாரன்ஸ் தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அது அவள் புருஷன் முகம்தான். நினைத்து வரையவில்லை, கை தானாக வரைந்திருந்தது. ரெக்சன் வெங்காயம் ஏற்றிய தோணியில் மாலத்தீவுக்குப் போயிருந்தான். அன்று சாயங்காலமே தோணி முதலாளி போன் செய்தார். இரண்டு நாளாகத் தோணியிலிருந்து சத்தமே இல்லையாம்.

தின்னரில் பஞ்சை நனைத்துத் தட்டின் நெற்றிவரை கொண்டுபோனாள். கை நின்றுவிட்டது. விட்டால் அது செத்தவன் தட்டு. துடைத்தால் அவளே அவனைத் துடைத்த மாதிரி. பார்வை கீழே, கேப்டன் இறந்த ஆண்டுக்கு இறங்கியது: 1811. புருஷன் பொண்டாட்டி இருவருக்கும் ஒரே கல்லறை கட்டும்போது, உயிரோடிருப்பவர் பேருக்குக் கீழே இறந்த ஆண்டை வெற்றிடமாக விடுவார்கள். அதேபோல் அந்த நான்கு எண்களின்மேல் நீலத்தைப் பூசி மறைத்தாள்.

மறுநாள் மத்தியானம் ரெக்சன் பேசினான்.

“மிஷின் நின்னுபோச்சுளா. இப்பதான் ஒரு தீவுப் பக்கம் சிக்னல் கெடச்சுது. மாலேக்கு இன்னும் ரெண்டு நாளு.”

“எல்லாரும் நல்லாருக்கியளா?”

“இருக்கோம். ஒரு கூத்து கேளு. நாங்க எட்டுப் பேரு. நேத்து சாயங்காலத்துலேருந்து ஆன்றோ எட்டுத் தட்டுல சோறு போடுதான், கடைசி ஆளுக்குத் தட்டு இல்லாமப் போவுது. ஆள எண்ணுனா எட்டுதான். ராத்திரி சுக்கான் பக்கம் யாரோ நிக்காங்கன்னும் சொல்லுதான். சமையக்காரனுக்குப் புத்தி பெரண்டுட்டு.”

பிளாரன்ஸ் தட்டைப் பார்த்தாள். நீலம் இன்னும் காயவில்லை. சாவை மறைத்தது ரெக்சனுக்காக. ஆனால் அந்த ஆண்டு கேப்டனுடையது; சாவு நீங்கி எழுந்தவர் அவர். திரும்ப எழுதினால் அவர் போய்விடலாம். முகமோ ரெக்சன் முகம்; எழுதும் சாவு அவன்மேலும் விழும்.

எடுத்த தூரிகையைக் கீழே வைத்தாள்.

“ஆன்றோவ ஒம்பது தட்டு போடச் சொல்லுங்க.”

“யாருக்குளா?”

“கேக்காதிய. பசியோட நிக்க வைக்காண்டாம்.”