தரையில் உட்கார்ந்த ஸ்டெல்லா அக்கா

புதுப் புடவையின் கஞ்சி வாசம்... சாயங்காலமானால் செருப்புக்குள் நுழையாத வீங்கின கால்.

அமரவிளையில் ஒரு ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போன காலத்தை நினைத்தால், இந்த இரண்டும்தான் முதலில் வரும்.

கடை திறந்ததிலிருந்து அடைக்கும்வரை நாங்கள் நிற்க வேண்டும். நாற்காலியெல்லாம் புடவை வாங்க வருகிறவர்களுக்குத்தான்.

கொல்லயிலிலிருந்து வரும் ஸ்டெல்லா அக்கா அதிகம் பேசமாட்டார். ஓணம் நெருங்கிய ஒரு மத்தியானம், கவுண்டருக்குப் பின்னால் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

முதலாளி ஓடி வந்தார்.

"என்னவாக்கும் இது? சமரமோ?" எங்கள் பக்கத்தில் போராட்டத்துக்கு அதுதான் பேர்.

"சமரம் ஒண்ணும் இல்ல முதலாளி. தரையில இருக்கியேன், அவ்வளவுதான்."

"என்ன வேணும்? அதச் சொல்லு."

"ஒண்ணும் வேண்டாம்."

அவருக்குக் குழப்பம். எனக்கும்தான்...

அக்கா வேலையை நிறுத்தவில்லை. தரையிலேயே புடவையை விரித்துக் காட்டினார். வாங்க வந்த பெண்களும் எதிரே உட்கார்ந்து பார்த்தார்கள்.

"நாளைக்கு நீ வரண்டாம்," என்றார் முதலாளி.

மறுநாளும் அக்கா வந்தார். அதற்குள் அந்த இடத்தில் வாளித் தண்ணீரை ஊற்றவைத்திருந்தார் முதலாளி. அக்கா ஈரத்திலேயே உட்கார்ந்தார். முகத்தில் கோபம்கூட இல்லை.

எனக்கு என்ன தோன்றியதோ... நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் மற்றவர்களும் வந்தார்கள். கடைக்குள் நின்றது முதலாளி மட்டும்தான். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் வெளியே போய்விட்டார்.

அடுத்த நாள் காலையில் எங்களுக்கு ஸ்டூல் வந்து இறங்கியது!

நாங்கள் எல்லோரும் ஆசையாக உட்கார்ந்தோம். அக்கா மட்டும் நின்றுகொண்டே இருந்தார்.

"எக்கா, இருக்கல்லியா?"

"இப்போ நிக்கத் தோணுது மக்கா. நீ இரி."

அப்படியென்றால் அது கால்வலியா, போராட்டமா? அன்றைக்கும் புரியவில்லை.

இப்போது நெய்யாற்றின்கரையில் ஏசி ஆபீஸில் எனக்குச் சுழல் நாற்காலி. எங்கள் சமரத்துக்குக் கொடி உண்டு, மைக் உண்டு, என்ன வேண்டும் என்று அச்சடித்த நோட்டீஸும் உண்டு. படித்தவுடன் எல்லாம் விளங்கிவிடும். கேட்டது கிடைப்பதுதான் அபூர்வம்.

அக்கா எதையுமே கேட்கவில்லை...

அந்த முதலாளி எதற்குப் பயந்தார் என்று, இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.