மார்லெட் அழித்த குறி

ஆஸ்திரேலியாவின் தனாமிப் பாலைவனத்தில் பழங்குடியினர் வாழும் சிற்றூர் ஒன்றின் வீடியோ அறையில் மார்லெட் நக்கமராவுக்கு வேலை. ஆண்டுதோறும், பந்தைக் கையாலும் பிடித்து ஆடும் அந்த நாட்டுக் கால்பந்துத் திருவிழாவைப் படம்பிடித்து டிவிடியாக்கி வீடுகளுக்குக் கொடுப்பாள்.

மென்பொருள் தானாகவே பத்து நிமிடத்துக்கு ஒரு அத்தியாயக் குறி வைக்கும். அது யாருக்கும் உதவவில்லை. மார்லெட் அவற்றை நீக்கிவிட்டு, ஒவ்வொரு பையன் பந்தைப் பிடிக்கும் இடத்திலும் ஒரு குறி வைத்து, அவன் பெயரையே அதற்குச் சூட்டினாள். பட்டியலில் பெயரைத் தொட்டால் அவன் ஆட்டம் ஓடும். அடுத்த குறி வந்ததும் படம் நின்று பட்டியலுக்குத் திரும்பும்.

பெண்கள் அவளை மொய்த்தார்கள்.

"என் பையனை முதல்ல போடுடி மார்லெட். கோல் போடலைன்னாலும் அழகா ஓடுவான்."

"ஆமா, பந்து ஒரு பக்கம், இவன் ஒரு பக்கம்!"

மார்லெட்டின் அக்கா ஜெரால்டினுக்கு இரண்டு மகன்கள். அந்த ஊர் உறவுமுறைப்படி மார்லெட்டுக்கும் அவர்கள் மகன்கள்தான். இளையவன் டெஸ்மண்ட். மூத்தவன் ஆலிஸ் நகரத்துக்குப் போகும் சாலையில் வண்டி கவிழ்ந்து இறந்துபோனான்.

அதோடு அவன் பெயரும் ஊரில் ஒலிக்காமல் போனது. இறந்தவர் பெயரை யாரும் சொல்லக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். அவன் முகத்தைக் காட்டக் கூடாது. ஆனால் ஒவ்வொரு வீட்டு டிவியிலும் பட்டியலில் அந்தப் பெயர் இருந்தது. ஜெரால்டின், உறவினர்கள் வீட்டை விட்டுக் கூடித் தங்கும் துக்க முகாமில் வெள்ளை மண் பூசி உட்கார்ந்திருக்கும்போதே மார்லெட் வீடு வீடாகப் போய் டிவிடிகளை வாங்கி உடைத்தாள். அவன் வரும் காட்சியையே வெட்ட அவனுடைய தகப்பன் வழியினர் சம்மதிக்க வேண்டும். துக்கம் முடியாமல் அவர்களிடம் கேட்க முடியாது. எனவே அவன் குறியை மட்டும் அழித்துப் புதிய டிவிடி போட்டாள். குறி இல்லையென்றால் அவனிடம் போக வழியில்லை என்று நினைத்தாள். போட்டதை ஓட்டிப் பார்க்கவில்லை.

முகாம் கலைந்தபின் ஜெரால்டின் தங்கை வீட்டுக்கு வந்தாள். தேநீரை வாங்கிக்கொண்டு, "சின்னவனைப் போடு, பார்ப்போம்" என்றாள்.

டெஸ்மண்ட் பந்தை உயர உதைத்தான். அங்கே நின்றிருக்க வேண்டிய படம் நிற்கவில்லை. அதை நிறுத்த மூத்தவனின் குறி அங்கே இல்லை. பந்து இறங்கிய இடத்தில் மூத்தவன் எம்பிப் பிடித்தான். கேமரா பக்கம் திரும்பிச் சிரித்தான்.

மார்லெட் ஓடிப்போய் மின்கம்பியைப் பிடுங்கினாள். ஜெரால்டின் இருண்ட திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ முன்னாடியே ஓட்டிப் பாக்கலியா?"

"என்னால முடியலக்கா."

"என்னால மட்டும் முடியும்னு நெனச்சியா?"

தேநீரைத் தரையில் வைத்துவிட்டு அவள் போய்விட்டாள்.

மறுநாள் மார்லெட் ஒலியை அடைத்துவிட்டு உட்கார்ந்தாள். அவன் எம்பும் முன் கடைசிக் கணத்தைத் தேட, அவன் எம்புவதைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியிருந்தது. அந்த இடத்தில் பெயரில்லாத ஒரு குறி வைத்தாள். புதிய டிவிடியை ஜெரால்டின் வாங்கிக்கொள்ளவில்லை.

அடுத்த திருவிழாவில் ஜெரால்டின் வேலியோரமாகத் தங்கையிடம் வந்தாள். பல மாதங்களுக்குப் பிறகு பேசினாள்.

"டெஸ்மண்டைப் படம் பிடிக்காதே."

"அக்கா, அவன்..."

"பிடிக்காதேன்னா பிடிக்காதே. நாளைக்கு இவனையும் நீ அழிக்க வேண்டாம்."

டெஸ்மண்டிடம் பந்து போகும்போதெல்லாம் மார்லெட் கேமராவைச் செம்மண்ணை நோக்கித் தாழ்த்தினாள். அந்த ஆண்டுப் பட்டியலில் அவன் பெயர் இல்லை. அவன் உயிரோடுதான் இருந்தான்.