சுவருக்குள் போன வேகன்

எண்பதுகளின் கடைசியில் பவானிபூரில் ஒரு பொறியியல் அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் படம் வரைந்துகொண்டிருந்தேன். சாந்த்ராகாச்சி ரயில் யார்டைத் திரையில் காட்ட வேண்டும். கிட்டத்து எஞ்சின் அம்சமாக வந்தது. தூரத்து ஷெட்டுக்கு முன்னால் நின்ற வேகன்தான் மானத்தை வாங்கியது. சுவருக்குள் போவதும் வெளியே வருவதுமாக மினுங்கியது.

"சுவத்துக்குள்ள டீக்கடை இருக்கா?" என்று பக்கத்து மேஜைக்காரர் வங்க மொழியில் கேட்டுச் சிரித்தார். ஆபீசில் எல்லாருக்கும் அவர் தாதா, அதாவது அண்ணன்.

எது முன்னால், எது பின்னால் என்று கம்ப்யூட்டர் பார்க்க ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் ஆழ எண் உண்டு. அந்த எண்கள் மொத்தமே இத்தனைதான் என்று கணக்கு, அதிலும் பெரும்பங்கு காட்சி தொடங்கும் இடத்துக்கே போய்விடும். எதுவும் விட்டுப்போகக் கூடாதென்று, காட்சியைக் கண்ணுக்கு ஓர் அங்குலம் தள்ளியே தொடங்கியிருந்தேன்.

மாலையில் லேக் மார்க்கெட்டுக்குப் பஸ் ஏறினேன். வாசலில் நசுங்கல், உள்ளே பின்பக்கம் காலி. கண்டக்டர் வழக்கம்போல, "பெச்சொனேர் திகே எகியே ஜான்!" என்று கத்தினார். பின்பக்கமாக முன்னேற வேண்டுமாம். ஒருவரும் அசையவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்போதுதான் உறைத்தது. என் ஆழ எண்களும் இப்படித்தான் அந்த ஓர் அங்குல வாசலிலேயே குவிந்துகிடக்கின்றன. தூரத்து வேகனுக்கும் சுவருக்கும் தனித்தனி எண் மிஞ்சவில்லை.

மறுநாள் காட்சியின் தொடக்கத்தைப் பத்தடி தள்ளிவைத்தேன். அந்தப் பத்தடிக்குள் இருந்தது வெறும் காற்றுதான். வேகன் சுவருக்கு வெளியே ஆணி அடித்தாற்போல நின்றது.

தாதாவிடம் பஸ் கதையைச் சொன்னேன்.

"அது சரி, நீ எங்க நின்னே?" என்றார்.

வாசலில்தான். நாலே ஸ்டாப்பில் இறங்குகிறவன் உள்ளே போவானா, என்ன?