டச்சப் செய்யாத அப்பா

ஊராரின் பருக்களையும் தழும்புகளையும் ஒழிப்பதையே பிறவிப் பணியாகக் கொண்டவர் நமது போட்டோ ஸ்டுடியோக்காரர். கம்ப்யூட்டரில் அவர் கைவைத்தால் தொங்கிய கன்னம் நிமிரும். போன முடி திரும்பி வரும். அவர் எடுத்த பாஸ்போர்ட் படத்தோடு போனவர்களை, "இது யாருங்க?" என்று விமான நிலையத்தில் நிறுத்திவைத்ததுண்டு.

அவருடைய ஒரே மகள் ஆட்டிசம் உள்ளவள். பேச்சு வரவில்லை. வேண்டியதைச் சொல்ல வழியில்லாமல் சுவரில் தலையை மோதிக்கொள்வாள். பாலா, தண்ணீரா, பொம்மையா என்று பெற்றவர்கள் வீட்டையே அவள்முன் கொட்டிக் கவிழ்ப்பார்கள்.

பயிற்சி டீச்சர் ஒரு வழி சொன்னார். பொருள்களையும் ஆட்களையும் படமெடுத்து, அட்டையாக்கிப் பலகையில் ஒட்டிவைக்க வேண்டும். வேண்டிய அட்டையைப் பிய்த்துக் கொண்டுவந்து கையில் கொடுக்கக் குழந்தையைப் பழக்கலாம்.

"படம்தானே? யாருகிட்ட சொல்றீங்க!" என்று மார்தட்டினார் ஸ்டுடியோக்காரர்.

மனைவி அவரை நம்பவில்லை. விளிம்பு உடைந்த டம்ளர், பிஸ்கட், கலைந்த தலையோடு தன் முகம் என எல்லாவற்றையும் தன் போனிலேயே எடுத்துவிட்டாள். "என் மூஞ்சியில மட்டும் கைய வெச்சீங்க, பாத்துக்குங்க!"

அப்பா அட்டை மட்டும் கோட்டு சூட்டோடு, ஸ்டுடியோ விளக்கொளியில் உருவானது.

மகள் டம்ளரைக் கேட்டாள். பிஸ்கட்டைக் கேட்டாள். அம்மாவைக் கேட்டாள். அப்பா அட்டையை மட்டும் சீந்தவில்லை. கீழே விழுந்தபோது மிதித்துக்கொண்டு போனாள். ஸ்டுடியோக்காரருக்குச் சோறு இறங்கவில்லை.

"பெத்தவனையே தெரியலையே அவளுக்கு!"

"எனக்கே தெரியலையே! யாருங்க இந்த மகராசன்? தலை நிறைய முடி வேற. மூக்கு மேல இருந்த மச்சம் எங்க? அவ தெனமும் தடவித் தடவிப் பாக்குறதே அதைத்தானே?"

ஸ்டுடியோக்காரர் அந்த அட்டையைப் பலகையிலிருந்து பிய்த்தெடுத்தார். சட்டையை மாற்றாமல், வழுக்கையும் மச்சமுமாக மனைவியின் போனுக்குமுன் நின்றார். கை மவுஸைத் தேடியது, அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

சில நாள் கழித்து ஒரு மதியம். "முகவாயைக் கொஞ்சம் தூக்குங்க சார்" என்று வாடிக்கையாளரை விரட்டிக்கொண்டிருந்தபோது வீட்டுப் பக்கத்துக் கதவு திறந்தது. மகள் நேரே வந்து வழுக்கை அட்டையை அவர் கையில் வைத்தாள். பிறகு விரலைப் பற்றி வீட்டு ஊஞ்சல் பக்கம் இழுத்தாள்.

"சார், கழுத்து வலிக்குது!"

"கொஞ்சம் இருங்க சார். என்னைக் கூப்பிடுறாங்க."

அந்த வாடிக்கையாளரின் இரட்டைத் தாடை, அன்று மாலை, இரண்டும் குறையாமல் அச்சாகியிருந்தது.